உங்கள் பேச்சு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது

தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டை ஒட்டிச் சின்னதாகத் தையல் கடை நடத்துகிறார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் உள்ளூர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர்கள் சேர்ந்து இவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டு விழாவில் பேச வேண்டி வந்தபோது, தெரிந்த ஆசிரியர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் மனப்பாடம் செய்தும், ‘கல்வி எனும் கலங்கரை விளக்கின் ஒளியில்’ என்ற இடத்தில் நாக்கு குழறிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். கையில் இருந்த தாள் படபடவென்று ஆடியது. அதற்கு முன்பே, மேடையில் இருந்தவர்களை வரிசையாக விளித்ததில் ஒரு வார்டு உறுப்பினரின் பெயர் விட்டுப்போய், அவர் முகம் மாறிவிட்டது. பாதியில் ‘நன்றி வணக்கம்’ சொல்லி இறங்கி வந்துவிட்டார்.

இப்போது அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பிரச்சினையை அங்கே அவர்தான் எழுப்ப வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. ‘நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை. எனக்குப் பதிலாகத் தான் பேசிவிடுவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். பதற்றத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொண்டு போ என்கிறாள் தோழி. ஆன்லைனில் 21 நாள் பேச்சுப் பயிற்சிக்கு 9,500 ரூபாய் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் பதவியை விட்டுவிடவா? தையல் மெஷினே கதி என்று கிடக்கிற எனக்கு நாலு பேர் முன்னால் பேச என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளும் அதிலிருந்துதான் வந்திருக்கின்றன.

பேச என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். மேடை பயத்தைப் பற்றி எழுதிக்கொண்டே வந்தவர், அங்கே வேறு எதையோ சொல்வதுபோலப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மகளுக்குக் காலையில் ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன், சாயங்காலம் அந்தப் பாட்டில் அப்படியே நிறைந்து திரும்பி வருகிறது, கேட்டால் ‘குடிச்சா பாத்ரூம் போணும்லா’ என்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு உங்கள் பள்ளியின் நிலைமை முழுவதும் புரிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. கிராம சபையில் உட்கார்ந்திருக்கப்போகிற ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் அது அப்படியே புரியும். அதை எழுதுவதற்கு உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் கடன் தவணை பற்றி வாரா வாரம் பேசுகிறீர்கள், தவணை கட்டாத ஒருவரை எல்லோர் முன்னிலும் நயமாகப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறீர்கள். ‘அதெல்லாம் பேச்சா?’ என்று நீங்களே கேட்டுக்கொள்கிறீர்கள். அதுதான் பேச்சு. கேட்பவர் யார், அவருடைய மனநிலை என்ன என்று பார்த்து, அவருக்குப் பிடிபடுகிற மாதிரி ஒரு விஷயத்தைச் சொல்லி, ஒரு முடிவுக்குக் கொண்டுவருகிறீர்கள். கிராம சபையில் செய்ய வேண்டியதும் இதே வேலைதான், ஆள் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

செந்தமிழில் பேசினால்தான் பேச்சா?

ஆண்டு விழாவில் நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் உங்களிடம் திறமை இல்லை என்பது இல்லை. உங்கள் வாயில் ஒருநாளும் வராத சொற்களை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்த ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் மனப்பாடம் செய்த உரையில் ஒரு சொல் நழுவினால் அடுத்த சொல்லும் நழுவும், ஏனென்றால் அங்கே நாம் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போகவில்லை, சொற்களின் வரிசையைப் பிடித்துக்கொண்டு போகிறோம். மகளின் தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சொல் மறந்தால் என்ன ஆகும்? இன்னொரு சொல் தானாக வந்து நிற்கும். நடந்தது உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது அல்லவா?

மேடை என்றாலே அடுக்குமொழி என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அண்ணாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை அந்த அழகில் மயங்கியது நியாயம்தான். ஆனால் அதே மேடைகளில் பெரியார் மணிக்கணக்காகப் பேசியது சாதாரண மக்கள் பேசுகிற தமிழில். சந்தையிலும் வீட்டிலும் நடப்பதையே உதாரணம் காட்டி, எதிரில் இருப்பவரிடம் வாதாடுவதுபோலப் பேசினார். காமராஜர் பேச்சில் அலங்காரமே கிடையாது. கிராமத்து ஆள் இன்னொரு கிராமத்து ஆளிடம் பேசுவதுபோலத்தான் இருக்கும். அவர்களை மக்கள் கேட்காமலா போனார்கள்? நீங்கள் நெல்லைச் சீமைத் தமிழில் ‘சொல்லுதா’, ‘போணும்லா’ என்று பேசினால் உங்கள் ஊர்க்காரர்கள் ஒரு கணம்கூட அந்நியமாக உணர மாட்டார்கள். அதை மாற்றிப் பேசத் தொடங்கினால்தான் ‘இவ என்ன புதுசா பேசுதா’ என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம்

பயம் முழுக்கப் போனால்தான் மேடை ஏற முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இதே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் கை நடுங்குவதும் உடம்பு அட்ரீனலின் சுரந்து தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்வதன் அடையாளம். பல ஆண்டுகள் மேடையில் பேசியவர்களுக்கும் அது வரும். பெரும்பாலானவர்களுக்குப் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். நீங்கள் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் இறங்கிவிட்டீர்கள். அதனால், ஓடி வந்தால்தான் பயம் அடங்கும் என்று உங்கள் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அடுத்த முறை கொஞ்சம் நின்றால் அது வேறொன்றைக் கற்றுக்கொள்ளும்.

‘நான் நடுங்கியதை ஊரே பார்த்தது’ என்று எழுதியிருப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இது: மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று நினைக்கிறார்களோ, கேட்பவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை. அதைவிட முக்கியம், இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். அதனால்தான் இதை உங்களுக்கும் சொல்லி அனுப்புகிறேன். உள்ளே அடிக்கிற இடி உங்களுக்குத்தான் அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது.

மாத்திரையைப் பற்றி

இந்த இடத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் தோழி சொல்லும் மாத்திரை புரொப்ரனலால் என்று கடிதத்தில் இருக்கிறது. இதயத் துடிப்பின் வேகத்தையும் கை நடுக்கத்தையும் அது குறைக்கும் என்பது உண்மை. மருத்துவர்கள் சிலருக்கு எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் அதே கடிதத்தில் வேறொரு இடத்தில், பனிக்காலத்தில் இழுப்பு வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மாத்திரையைப் போடக் கூடாது. மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்து கடுமையான மூச்சுத்திணறலைக் கொண்டுவந்துவிடும். நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களும், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாத மருந்து இது. தோழி அக்கறையில்தான் சொன்னார். அவருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஆபத்து. அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், வேறு யாருக்கும் கொடுத்துவிடப் போகிறார். தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை எதுவும் வேண்டாம். அவை பதற்றத்தோடு சேர்த்து யோசிக்கிற புத்தியையும் மந்தமாக்கும்.

இந்தப் பயம் மேடையோடு நிற்கிறதா, இல்லை கடைக்கு வருகிறவர்களிடம் பேசவும், போன் எடுக்கவும், நல்லது கெட்டதுக்குப் போகவும் தயக்கம் வரும் அளவுக்குப் பரவியிருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கடிதத்தை வைத்துப் பார்த்தால் மேடையோடு நிற்பதாகத்தான் தெரிகிறது. பரவியிருந்தால் அது பேச்சுப் பயிற்சியால் மட்டும் தீராது, அதற்கு உளவியல் சிகிச்சை இருக்கிறது, நன்றாகப் பலன் தரும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. கூட்டம் முடிந்த பிறகும் தூக்கம் திரும்பாவிட்டால் தள்ளிப்போட வேண்டாம்.

கணவர் பேசட்டுமா, பதவியை விடவா?

உங்கள் கணவர் நீங்கள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சொல்லியிருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள், ஆகவே அவரும் எழுந்து பேசலாம். ஆனால் அவர் பேசினால் அது ஓர் ஊர்க்காரரின் கருத்து. நீங்கள் பேசினால் பள்ளி மேலாண்மைக் குழுவின் கோரிக்கை. இரண்டுக்கும் எடை வேறு.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில், இந்தக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் உங்கள் வேலை. எவ்வளவு படித்திருக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அந்தப் பிரிவு எதையும் கேட்கவில்லை. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும், பாதுகாப்பான குடிநீரும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆகவே நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கப் போகவில்லை.

இந்த முறை கணவர் பேசினால் அடுத்த முறையும் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். பிறகு அந்த இடத்தை நீங்கள் திரும்பப் பெறுவது இன்னும் கடினம். அவருக்கு வேறொரு வேலை கொடுங்கள்: முன் வரிசையில், உங்கள் கண்ணுக்கு நேராக உட்காரச் சொல்லுங்கள். பேசும்போது பார்க்க ஒரு முகம் வேண்டும். பதவி விலகுவது உங்கள் உரிமை. ஆனால் அக்டோபர் 2-க்குப் பயந்து விலகினால் அந்தப் பயம் உங்களோடேயே தங்கிவிடும். கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்து யோசியுங்கள்.

9,500 ரூபாய்ப் பயிற்சி பற்றி அதிகம் சொல்ல இல்லை. வீடியோ பார்த்துப் பேச்சு வராது, ஆட்களுக்கு முன்னால் நின்று பேசித்தான் வரும். அந்தக் கூட்டம் உங்கள் சுய உதவிக் குழுவில் இலவசமாகவே இருக்கிறது. அந்தப் பணத்தை மகள் படிப்புக்கு வையுங்கள்.

நடந்ததிலிருந்து பேச்சை எடுப்பது எப்படி?

கடையில் அளவுக் கணக்கு எழுதுகிற நோட்டு இருக்கும். அதன் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாள் ராத்திரியும் அன்றைக்குப் பார்த்த, கேட்ட ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். ‘மனசு கஷ்டமாக இருந்தது’ என்று எழுத வேண்டாம். யார் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பிள்ளை என்ன சொன்னாள்? அடிபம்பிலிருந்து வாளி தூக்கியது எந்த வகுப்புப் பிள்ளை? சின்டெக்ஸ் தொட்டி மூடி திறந்து கிடந்ததா, மூடியிருந்ததா? இப்படிச் சின்னதாகக் கவனித்து எழுதுகிற பழக்கம் வந்துவிட்டால், பேசப் பொருள் இல்லை என்ற கவலை உங்களுக்கு இனி வராது. கிராம சபைக்கு மட்டும் இல்லை, நாளைக்கு வேறு எங்கே பேசக் கூப்பிட்டாலும் அந்த நோட்டு உதவும்.

ஆனால் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னாலே பேச்சாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் அது புலம்பலாகிவிடும். ‘உம் பிள்ளைக்காகப் பேச வந்திருக்க’ என்று எளிதாக ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் ஓர் எண்ணிக்கை நிற்க வேண்டும். அதற்குப் பிறகு தெளிவான ஒரு கோரிக்கை வர வேண்டும். நிகழ்ச்சி கேட்பவரை உங்கள் பக்கம் திருப்பும். எண்ணிக்கை, இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை என்று காட்டும். கோரிக்கை, அதிகாரி எதைத் தீர்மானமாக எழுத வேண்டும் என்று சொல்லும். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன, சிதறிக் கிடக்கின்றன. உங்கள் சொற்களையே எடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன், பாருங்கள்:

‘எல்லாருக்கும் வணக்கம். நான் நம்ம பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுத் தலைவி. இங்க இருக்க முக்காவாசிப் பேரு வீட்டுக்கு நான்தான் துணி தைக்கேன், அதனால என்னைத் தெரியும்.

எம் மவ ஏழாவது படிக்கா. காலைல ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி குடுத்து விடுதேன். சாயங்காலம் அந்தப் பாட்டில் அப்படியே நிறைஞ்சு வருது. ஏம்ட்டி குடிக்கலன்னு கேட்டேன். குடிச்சா பாத்ரூம் போணும்லா, அங்க தண்ணி இல்லலாங்கா.

அவ ஒருத்திதான்னு நெனச்சேன். யூனிபார்முக்கு அளவு குடுக்க வந்த பிள்ளைககிட்டயும் கேட்டேன், எல்லாம் அதையேதான் சொல்லுதுக. ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் பொம்பளப் பிள்ளைக 47 பேரு. கழிப்பறை மூணு இருக்கு, மேல தொட்டியும் இருக்கு. மோட்டார் ஜூன் மாசத்துலேர்ந்து ஓடல. பிள்ளைக அடிபம்புலேர்ந்து வாளில சுமக்குதுக.

மோட்டாரைச் சரி பண்ணித் தாங்க. அது முடியாதுன்னா ஊராட்சி மேல்நிலைத் தொட்டிலேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழாய் இழுத்துத் தாங்க. தீபாவளிக்கு முன்ன முடிக்கணும்னு இந்தச் சபையில தீர்மானம் போடணும்னு குழு சார்பா கேட்டுக்கிடுதேன்.’

நிதானமாகப் பேசினால் ஒன்றரை நிமிடம். போதும். கிராம சபையில் ஒன்றரை நிமிடம் தெளிவாகப் பேசினால் அதுவே பெரிய விஷயம். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வரி, கடைசி வரி இரண்டை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ‘பாட்டில், 47, மோட்டார்’ என்று மூன்று சொல் போதும். மேடையில் இருப்பவர்கள் பெயரை வரிசையாக விளிக்கவே வேண்டாம். ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்றால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். வார்டு உறுப்பினரைக் கூட்டத்துக்கு முன்பே பார்த்து, இந்தப் பிரச்சினைக்கு ஆதரவு கேட்டுவிடுங்கள். பழைய வருத்தமும் அதோடு போய்விடும்.

அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டீர்கள் அல்லவா? கூட்டத்தையும் அப்படி முன்கூட்டியே அளந்துவிடுங்கள். யார் யார் வருவார்கள், எதற்கு மறுப்பு வரும், யாருக்கு இது புரியாது என்று யோசியுங்கள். ‘மோட்டார் பள்ளிக்கூடத்துப் பொறுப்பு, ஊராட்சி எதுக்குப் பண்ணணும்’ என்று ஒருவர் கேட்கலாம். தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசி, பழுது பற்றி யாருக்கு எப்போது எழுதினார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கூட்டத்தில் திடீரென்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட வேண்டாம். நாளைக்கும் அவரோடு சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். ‘மோட்டார் ஓடவில்லை’ என்பது நீங்கள் பார்த்தது, தாராளமாகச் சொல்லலாம். ‘மோட்டார் பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள்’ என்பது நீங்கள் பார்க்காதது. கையில் ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குறிப்பிட்டு அப்படிச் சொன்னால் அவதூறு வழக்கு வரை போகலாம். பேச்சும் வேறு பக்கம் திரும்பிவிடும், தண்ணீர் வராது.

பிள்ளைகளின் கதையைச் சொல்லும்போது

மாதவிலக்கு நாட்களில் சில பிள்ளைகள் பள்ளிக்கே வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொல்லலாமா, ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் எப்படிச் சொல்ல என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பழகுகிற பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரலாம். மாதவிலக்கு நாட்களில் கழுவத் தண்ணீர் இல்லாவிட்டால் படிப்பே விட்டுப்போகும். இது கூச்சப்பட்டு மூடி வைக்கிற விஷயமாக இருக்கும் வரை மோட்டார் பழுதாகவே கிடக்கும்.

ஆனால் சின்ன ஊர். ‘ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று’ என்றாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உங்கள் மகளைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவளிடம் கேளுங்கள். ‘சொல்லும்மா’ என்றால் சொல்லுங்கள். முகம் சுருங்கினால், பாட்டில் கதையை ‘நம்ம பிள்ளைக’ என்று பொதுவாகவே சொல்லிவிடலாம், அதன் வலு குறையாது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் கடையில் அளவு கொடுக்கும்போது உங்களை நம்பிச் சொன்னதை, பெயரோ அடையாளமோ வெளியே தெரியும்படி சொல்ல வேண்டாம். மாதவிலக்கைப் பற்றி எந்தப் பிள்ளையையும் சுட்டாமல் ஒரே வாக்கியம் போதும்: ‘மாசத்துல அந்த மூணு நாளும், கழுவத் தண்ணி இல்லாததால பிள்ளைக லீவு போடுதுக.’ அதைச் சொல்லும்போது உங்கள் சுய உதவிக் குழுப் பெண்கள் பக்கத்தில் எழுந்து நிற்கட்டும். கிராம சுகாதார செவிலியரும் வந்திருந்தால், அவரையே அந்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்வது இன்னும் நல்லது.

கூட்டத்துக்கு முன்னும் அன்றைக்கும்

கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே சுய உதவிக் குழுவில் இதைச் சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்து இல்லை, எழுந்து நின்று. சொன்ன பிறகு ‘நல்லா இருந்துதா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ‘நல்லா இருந்துது’ என்றுதான் சொல்வார்கள். ‘நான் என்ன கேட்டேன்னு சொல்லு’ என்று கேளுங்கள். மோட்டாரையும் தீபாவளிக் கெடுவையும் அவர்கள் திருப்பிச் சொன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. சேராத இடத்தை மட்டும் திருத்துங்கள். போனில் ஒருமுறை பதிவுசெய்து கேளுங்கள், ஆனால் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காமல் போனால் கவலைப்பட வேண்டாம், பதிவில் தன் குரலைக் கேட்கிற எல்லோருக்கும் அப்படித்தான்.

அன்றைக்குக் கையில் மெல்லிய தாள் வேண்டாம். சின்ன நடுக்கத்தையும் அது பெரிதாக்கிக் காட்டும். துணி அளவு எழுதுகிற அட்டையில் அந்த மூன்று சொற்களைப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, நின்று, உடனே பேசத் தொடங்காமல் மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விடுங்கள். இழுப்பு உள்ளவர் என்பதால் மூச்சைப் பிடித்து வைக்கிற பயிற்சி எதுவும் வேண்டாம். வெளியே விடுவதை நீட்டினாலே போதும். இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி கையோடு வைத்திருங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மைக் கொடுத்தால் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். மைக் இருக்கும்போது கத்தினால் குரல் உடைந்து கேட்கும். யாராவது குறுக்கே பேசினால் நிறுத்தி, அவர் முடிக்கும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பதில் தெரியாததற்கு ‘விசாரிச்சுச் சொல்லுதேன்’ என்றால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

நடுவில் சொல் வராமல் போனால் அட்டையைப் பாருங்கள். இரண்டு நொடி மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், கேட்பவர்கள் நீங்கள் யோசிக்கிறீர்கள் என்றே நினைப்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, அன்றைக்கு உடம்பு ஒத்துழைக்காமலே போகலாம். அதற்கும் வழி செய்துவிட்டுப் போங்கள். இதே கோரிக்கையைக் குழுவின் கையெழுத்துகளோடு மனுவாக எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்படிச் செய்துவிட்டால், நீங்கள் நாலு வரி பேசி உட்கார்ந்தாலும் கோரிக்கை கோரிக்கையாக நிற்கும். பிள்ளைகளின் தண்ணீர் உங்கள் நாவை மட்டும் நம்பி இல்லை என்று தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

அக்டோபர் 2-ஐ விட்டுவிட்டாலும் அதோடு முடிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்தது ஒரு மாதத்திலேயே வருகிறது. பேசி முடித்ததும் கிளம்பிவிடாமல், உங்கள் கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று அங்கேயே கேட்டு, என்ன எழுதினார்கள் என்று வாசிக்கச் சொல்லுங்கள். ‘மோட்டார்’ என்ற சொல்லும் ‘தீபாவளிக்கு முன்’ என்ற கெடுவும் அதில் இல்லாவிட்டால், அங்கேயே சொல்லிச் சேர்க்க வையுங்கள். நவம்பர் 1 கூட்டத்துக்கு மோட்டார் ஓடியதா இல்லையா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கான அடுத்த படிகளை, மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பது உட்பட, அப்போது சொல்கிறேன்.